வயிற்றுக் குழாயும் ஒரு நாள் பேரும்

சிறுநீர் அடைத்துக்கொண்டவர்களில் சிலருக்குப் பெரியாஸ்பத்திரியில் அடிவயிற்றில் சிறு துளையிட்டு, மூத்திரப்பைக்குள் குழாய் வைத்து அனுப்புகிறார்கள். நம் தோட்டத்து ஆட்களோ அதைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டு, ஒரு நாள் பேர் போய்விடுமே என்று குழாய் மாற்றும் தேதியையே விட்டுவிடுகிறோம். இது நியாயமா? மாற்றாத குழாயில் உப்புப் படிந்து அடைக்கும், குளிர்காய்ச்சல் வரும். 4 முதல் 12 வாரத்துக்குள் டாக்டர் குறித்த நாளில் போயே ஆக வேண்டும்.

வீட்டில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, துளையைச் சுற்றித் தினமும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். திருநீறும் மஞ்சளும் பவுடரும் அங்கே வேண்டாம். பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது.

குழாய் கழன்று வந்துவிட்டதா? 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடாதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை மூடிக்கொள்ளும். மறுபடி வயிற்றைத் துளைக்க வேண்டிவரும். நாமே செருகவும் கூடாது. சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

எதில் போவது? அங்கேதான் நிர்வாகத்தைக் கேட்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு உள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. கிராணிமார் அதற்கு முகம் சுளிக்க வேண்டாம். ராத்திரியில் கதவைத் தட்டினால் புறப்பட ஒரு வண்டியும் வேண்டும்.