படத்தின் முதுகையும் பாருங்கள்

ஓவியம் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். முதுகைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், நியூயார்க்கை விட்டு விலகி, அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் அந்தந்த ஊரிலேயே இருந்து வரைந்த ஓவியர்கள் பலர் உண்டு. அவர்களுடைய படங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கமும் அந்நாட்டில் உண்டு. இந்தப் பழக்கத்தால் கலைக்கு லாபமா, நஷ்டமா என்று கேட்டால், சேகரிக்கிறவர் படத்தின் முதுகை என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதுகில் அப்படி என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு காகிதச் சீட்டு. ஓவியர் பெயர், படத்தின் பெயர், எந்த ஊர்க் கண்காட்சியில் எந்த வருஷம் வைக்கப்பட்டது, என்ன விலை என்ற நாலு வரி. சில சமயம் சட்டத்தின் கட்டையில் பென்சிலால் எழுதிய ஒரு விலாசம். பிக்காஸோவின் படத்தில் அந்தச் சீட்டு கிழிந்து போனாலும் பிக்காஸோவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவரைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் கான்ஸாஸிலோ ஒஹையோவிலோ பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, ராத்திரியில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு படம் எழுதியவருக்கு அந்தச் சீட்டுத்தான் ஜாதகம். அது போனால் மனிதரும் போனார்.

நியூயார்க்கின் நிழல்

அயோவா ராஜ்யத்தைச் சேர்ந்த கிராண்ட் உட் 1930-ல் வரைந்த 'அமெரிக்கன் காதிக்' உலகம் அறிந்த படம். கையில் வைக்கோல் வாரும் முள்ளுடன் ஒரு பெரியவரும், பக்கத்தில் ஒரு பெண்ணும் தங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். சிகாகோ கலைக்கூடம் அதை 300 டாலருக்கு வாங்கியது. மிஸௌரியைச் சேர்ந்த தாமஸ் ஹார்ட் பென்டன், கான்ஸாஸைச் சேர்ந்த ஜான் ஸ்டூவர்ட் கரி ஆகிய இருவரும் உட்டோடு சேர்த்துப் பேசப்பட்டார்கள். சொந்த மண்ணையும் சொந்த ஜனங்களையும் வரைவதே இம்மூவரின் கொள்கை.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு காற்று திசை மாறியது. உருவம் காட்டாத அரூப ஓவியம் நியூயார்க்கில் தலையெடுத்தது. அமெரிக்காவில் உயிரோடு இருக்கும் ஓவியர்களில் ஜாக்ஸன் பொலாக்தான் தலைசிறந்தவரோ என்று 1949 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை கேள்வி போட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொலாக் பிறந்தது வையோமிங் ராஜ்யத்தில். அவர் பாடம் கேட்டது பென்டனிடம். எங்கே பிறந்தவராக இருந்தாலும் பணம், பத்திரிகை, பாராட்டு மூன்றும் வேண்டுமானால் நியூயார்க்குக்குப் போக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

போகாதவர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் படிப்புச் செலவை ஏற்க 1944-ல் சட்டம் வந்தது. சர்வகலாசாலைகள் நிரம்பின; ஓவிய வாத்தியார்களுக்கும் வேலை பெருகியது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த மௌரிஸியோ லஸான்ஸ்கி 1945-ல் அயோவா சர்வகலாசாலையில் சேர்ந்து, அங்கே அச்சுச் சித்திரப் பட்டறையைத் தொடங்கினார். அவரிடம் கற்றவர்கள் நாடெங்கும் போய்ப் பட்டறைகள் வைத்தார்கள். நவீன கலை பட்டணத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

நியூ மெக்ஸிகோவிலோ, யுத்தத்துக்கு முன்பே, 1938-ல், ரேமண்ட் ஜான்ஸனும் அவருடைய நண்பர்களும் அரூப ஓவியத்துக்கென்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த ஆக்னஸ் பெல்டன் கலிபோர்னியாவின் பாலைவன ஊர் ஒன்றில் குடியிருந்தார். வயிற்றுப்பாட்டுக்காகப் பாலைவனக் காட்சிகளை வரைந்து ஊர் பார்க்க வந்தவர்களுக்கு விற்றார். மனத்திருப்திக்காக அரூபச் சித்திரங்களை எழுதினார். 1961-ல் அந்த அம்மையார் காலமானபோது கலை உலகம் அவரை அநேகமாக மறந்திருந்தது. 2020-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் அவருடைய படங்களை மட்டுமே வைத்துக் கண்காட்சி நடத்தியது. இடைப்பட்ட சுமார் அறுபது வருஷ காலம் அந்தப் படங்களை யாரோ வீட்டில் வைத்துக் காப்பாற்றியதால்தானே அது நடந்தது?

ஐந்து டாலர் சித்திரம்

ஓவியம் சேகரிப்பது லட்சாதிபதிகளின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தத் துறையைப் பொறுத்தவரை அது சரியல்ல. 1934-ல், அமெரிக்கா பண முடையில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், நியூயார்க்கில் ரீவ்ஸ் லெவென்தால் 'அஸோஸியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். ஓவியரே கல்லிலோ செப்புத் தகட்டிலோ வரைந்து, அச்சான ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் கையெழுத்திட்ட சித்திரம். விலை 5 டாலர். பெரும்பாலும் 250 பிரதிகள். ஓவியருக்குச் சுமார் 200 டாலர் கிடைத்தது. முதலில் பெரிய கடைகளிலும், பிறகு தபால் மூலமும் விற்பனை நடந்தது. பென்டன், உட், கரி மூவரும் இதற்காக வரைந்தார்கள். ஸ்தாபனம் 2000-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அன்று 5 டாலருக்கு வந்த உட்டின் கல்லச்சுச் சித்திரங்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன.

அவற்றில் ஒன்றுக்கு ஒரு கதையே உண்டு. புழுக்கமான ராத்திரியில் ஒரு பண்ணையாள் தொட்டியருகே நின்று, உடுதுணியின்றித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் காட்சியை உட் 1939-ல் கல்லச்சாக வெளியிட்டார். ஆபாசம் என்று சொல்லித் தபால் இலாகா அதை அனுப்ப மறுத்துவிட்டது. அதனால் 250-க்குப் பதில் 100 பிரதிகளே போடப்பட்டன. சித்திரத்தைப் பார்த்தால் மட்டும் இது தெரியாது. கதை தெரிந்தவருக்கே அதன் அருமை தெரியும்.

சிற்றூர்களும் சளைக்கவில்லை. கான்ஸாஸில் ஸ்வீடன் நாட்டுக் குடியேறிகள் அமைத்த லிண்ட்ஸ்பர்க் என்ற ஊரில், பிர்கர் சாண்ட்ஸென் என்ற காலேஜ் ஆசிரியரின் ஓவியக்கூடத்தில், 1930-ல் 'ப்ரெய்ரி பிரிண்ட் மேக்கர்ஸ்' என்ற சங்கம் தோன்றியது. சந்தா கட்டிய அங்கத்தினர்களுக்கு வருஷந்தோறும் ஒரு சித்திரம் பரிசாகக் கிடைத்தது. சங்கம் 1966 வரை நடந்தது. பண்ணை வீட்டுச் சுவரிலும் அசல் சித்திரம் ஏறியது இத்தகைய முயற்சிகளால்தான்.

எடைக்குப் போட்ட கலை

காப்பாற்ற ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க சர்க்காரே உதாரணம் காட்டியது. வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் படம் எழுதச் செய்யும் திட்டம் 1935-ல் தொடங்கி 1943-ல் முடிந்தது. முடிந்ததும், நியூயார்க்கில் கிடங்கில் கிடந்த கித்தான்கள் பழந்துணியைப் போல எடைபோட்டு விற்கப்பட்டன. குழாய்களைச் சுற்றிப் போர்த்த உதவும் என்று நினைத்து வாங்கினார்கள். 1944 ஏப்ரலில் 'லைஃப்' பத்திரிகை இந்தச் சங்கதியை வெளியிட்டது. ஆலிஸ் நீல் என்ற ஓவியர், தாம் வரைந்த படங்களில் அகப்பட்டவற்றைப் பழைய சாமான் வியாபாரியிடம் தாமே விலை கொடுத்து மீட்க நேர்ந்தது. பிற்காலத்தில் அதே நீலின் படங்களை வைத்துப் பெரிய மியூசியங்கள் விழா எடுத்தன.

சேகரிப்பவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அத்திட்டத்தில் உருவாகிப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீஸ்களுக்கும் வழங்கப்பட்ட படங்கள் இன்றும் தங்கள் சொத்தே என்பது சர்க்காரின் கட்சி. விற்பனைக்கு வந்தால் திரும்பக் கேட்கிறார்கள். இங்கும் முதுகில் உள்ள சீட்டைப் படித்தவர் பிழைத்தார். படிக்காதவர் பணத்தை இழந்தார்.

பெயர் செய்த வேலை

ஃப்ளோரிடாவில் 1950-களிலிருந்து கறுப்பு இனத்தைச் சேர்ந்த 26 பேர் கடற்கரையையும் சதுப்பு நிலத்தையும் வரைந்தார்கள். நிற வேற்றுமை காரணமாகக் கலைக்கூடங்கள் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. மரக்கூழில் செய்த சுவர்ப் பலகையில் வரைந்து, வீடு கட்டும் மரப்பட்டியில் சட்டம் போட்டு, சாயம் உலர்வதற்குள் காரில் ஏற்றிக்கொண்டு, சாலையோரத்திலும் ஆபீஸ் வாசல்களிலும் சுமார் 25 டாலருக்கு விற்றார்கள். அவர்களில் மேரி ஆன் காரல் ஒருவரே பெண். 1990-களின் நடுவில் ஒருவர் இவர்களுக்கு 'ஹைவேமென்' என்று பெயர் சூட்டி எழுதினார். பிறகு ஒவ்வொருவர் பெயரும் தேடிப் பதிவாயிற்று. 2004-ல் ராஜ்யத்தின் கலைஞர் பெருமன்றத்தில் 26 பேரும் இடம் பெற்றார்கள். 25 டாலர் படம் ஆயிரக்கணக்கான டாலர் ஆயிற்று.

இவர்கள் நவீன பாணிக்காரர்கள் அல்ல. ஆனாலும் பெயர் என்ன செய்யும் என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி இல்லை. பலகை மாறவில்லை, சாயம் மாறவில்லை. எழுதியவர் யார் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

நாற்காலிக்குப் பொருத்தமாக

இன்றைய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. 1984-ல் காரா கிரீன்பெர்க் என்ற அம்மையார் 1950-களின் மேஜை நாற்காலிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்ற அதன் தலைப்பே ஒரு நாகரிகத்தின் பெயராகிவிட்டது. அக்காலத்து நாற்காலி வாங்கியவருக்கு அதற்கு மேலே மாட்ட அக்காலத்துப் படம் வேண்டியிருக்கிறது. பரணில் கிடந்த படம் கூடத்துக்கு வருவது நல்லதுதான். ஆனால் எப்படி வருகிறது? பழைய சட்டம் அழுக்காக இருக்கிறதென்று கழற்றி எறியப்படுகிறது. அதோடு சீட்டும் குப்பைக்குப் போகிறது. புதுச் சட்டத்தில் அடங்கவில்லையென்று அச்சுச் சித்திரத்தின் ஓரம் கத்தரிக்கப்படுகிறது. அந்த ஓரத்தில்தான் கையெழுத்து இருக்கும். கடையில் தொங்கும்போது 'அரூப ஓவியம், கலைஞர் தெரியவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தெரியாமல் போகவில்லை, தெரியாமல் செய்யப்பட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மறக்கப்பட்ட ஓவியர்களில் பலர் மறக்கத் தக்கவர்கள்தானே, பொலாக்கைப் பார்த்து நகல் செய்தவர்களை எல்லாம் எதற்குத் தூக்கிச் சுமப்பது என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஊர்ப்பற்று ஒன்றே ஒரு படத்தை நல்ல படமாக்கிவிடாது. ஆனால் எது பதர், எது நெல் என்று தூற்றிப் பார்ப்பதற்குக் களத்தில் கதிர் இருக்க வேண்டும். நியூயார்க் ஒருமுறை சொன்ன தீர்ப்பு திருத்தப்படலாம் என்பதற்கு பெல்டன் ஒருவரே போதும். படமும் பெயரும் பிரிந்துவிட்டால் மேல் விசாரணைக்கே இடமில்லை.

செய்ய வேண்டியது என்ன?

அதிகம் ஒன்றும் இல்லை. வாங்குமுன் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சுச் சித்திரமானால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்கான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது பத்திரிகைப் படம் போல இயந்திரத்தில் எடுத்த நகல், அசல் அல்ல. அமிலம் கலந்த மலிவு அட்டை காகிதத்தைப் பழுப்பாக்கும், அதை மாற்றலாம். ஆனால் சீட்டைப் பத்திரமாக எடுத்துப் படத்தோடேயே வைக்க வேண்டும். யாரிடம், எப்போது, எந்த ஊரில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

அந்த நாலு வரியைக் கொண்டு எவ்வளவோ கண்டுபிடிக்கலாம். கிளீவ்லண்ட் கலை மியூசியம் 1919 முதல் 1993 வரை உள்ளூர்க் கலைஞர்களுக்காக 'மே கண்காட்சி' நடத்தி, படங்களை ஜனங்களுக்கு விற்கவும் செய்தது. அதன் பதிவுகள் மியூசியத்தின் நூலகத்தில் இருக்கின்றன. முதுகில் அந்தக் கண்காட்சிச் சீட்டு இருந்தால், ஓவியரின் வரலாற்றைத் தேட வழி பிறந்துவிடும்.

1954-ல் டெட்ராய்ட் நகரில் எட்கர் ரிச்சர்ட்ஸன் என்ற மியூசியத் தலைவரும், லாரன்ஸ் ஃப்ளைஷ்மன் என்ற சேகரிப்பாளரும் சேர்ந்து அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தை ஆரம்பித்தார்கள். ஓவியர்களின் கடிதம், கணக்கு, நாட்குறிப்பு ஆகியவற்றைச் சேர்ப்பது அதன் வேலை. 1970 முதல் அது ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் ஒரு பகுதி. படத்தை வாங்கியவர் ஒருவருக்கு, காகிதத்தையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் உண்டாயிற்று. அதுதான் சேகரிப்பு. மற்றது சுவர் அலங்காரம்.

படத்துக்குக் கொடுத்த விலை வாங்கியவரோடு போய்விடும். அதன் பின்னால் ஒட்டிய பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தால், அது வரைந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த ஊருக்கும் போய்ச் சேரும். இதற்குச் செல்வம் வேண்டாம். கொஞ்சம் பொறுப்பு இருந்தால் போதும்.