நிறுவனத்தின் கையில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து 2016-ல் சிக்னல் செயலியை நடத்துவோருக்கு ஒரு சம்மன் வந்தது. இரண்டு தொலைபேசி எண்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு உரியவர்களைப் பற்றிய விவரங்களைக் கேட்டிருந்தார்கள். அவற்றில் ஒரு எண்ணுக்கு மட்டுமே கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எந்த நாளில் சர்வரோடு இணைந்தது என்ற இரண்டு தகவல்களைத்தான் அவர்களால் தர முடிந்தது. யாரோடு பேசினார், எந்தக் குழுவில் இருந்தார் என்பதெல்லாம் அவர்களிடமே இல்லை.

அந்தரங்கமாகப் பேச ஒரு செயலியைத் தேடுபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அரசு கேட்டாலும் திருடன் புகுந்தாலும், நிறுவனத்திடம் இல்லாத தகவலை எடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பும் 2016 ஏப்ரல் முதல் சிக்னலின் மறையாக்க முறையைத்தான் எல்லோருக்கும் பயன்படுத்துகிறது. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாது, அது உண்மை. ஆனால், யார் யாரைத் தொடர்புகொள்கிறார்கள் என்ற விவரத்தை அந்த மறையாக்கம் மூடுவதில்லை. ஒரு பெண் ஒரே வாரத்தில் மகளிர் உதவி மையத்தையும், ஒரு வழக்கறிஞரையும், வெளியூரில் வாடகைக்கு வீடு பார்த்துத் தருபவரையும் தொடர்புகொள்கிறார் என்று வையுங்கள். அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமலே அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

பேக்கப் இன்னொரு ஓட்டை. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் நகலுக்கும் மறையாக்கம் தரும் வசதியை வாட்ஸ்அப் 2021-ல் கொண்டுவந்தது. ஆனால், அதை நாமாகத்தான் அமைப்புகளில் தேடிப் போட வேண்டும். நாம் போட்டாலும், எதிர்முனையில் இருப்பவர் போடாவிட்டால் அதே உரையாடல் அவர் கணக்கில் பாதுகாப்பின்றிக் கிடக்கும்.

ரகசியம் பேச டெலிகிராம்தான் சரி என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அதில் எழுத்துச் செய்திகளைப் பொறுத்தவரை, இருவருக்கு இடையிலான ‘ரகசிய உரையாடல்’ மட்டுமே முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகிறது. குழுவில் எழுதும் செய்திகளுக்கு அது கிடையாது. அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்ஸில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் ஐ.பி. முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தருவோம் என்று டெலிகிராம் விதியைத் திருத்தியது. 2025 செப்டம்பரில் நம் நாட்டு சோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியைப் பலரும் ஆர்வத்தோடு தரவிறக்கினார்கள். அப்போது அதில் அழைப்புகளுக்கு இருந்த மறையாக்கம், எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. செயலி எந்த ஊருடையது என்பது அந்தரங்கத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

இந்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்லும்படி பெரிய செயலிகளைக் கேட்கின்றன. ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய செய்திகளுக்கும் அடையாளம் வைத்தாக வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்ன நாட்டில் இதை ஏற்க முடியாது. மறையாக்கத்தை உடைக்கக் கட்டாயப்படுத்தினால் இந்தியாவை விட்டே வெளியேற நேரும் என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் சொன்னது.

குடும்பக் குழுவும் பள்ளிக் குழுவும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். வெளியே தெரிந்தால் ஒருவருக்குக் கேடு வரும் என்கிற பேச்சைச் சிக்னலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதிலும் கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் ஏமன் தாக்குதல் பற்றி அமெரிக்க உயர் அதிகாரிகள் பேசிய சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்திருந்தார்கள். எல்லாச் செய்திகளும் அவருக்கும் போயின. ஆகவே, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். குறித்த காலத்தில் செய்தி இரண்டு பக்கமும் தானாக அழியும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.