பிரட்டு மணியும் ஈதர்நெட்டும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்நாளில் அதிகாலைப் பிரட்டுக்கு எல்லாருக்கும் ஒரே மணிதான். இன்று செம்பனை ஆலையில் கொதிகலனுக்கு ஒரு பதிவுக் கருவி, டர்பைனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். நாளுக்கு ஒரு விநாடிகூடப் பிசகலாம். ஆலை திடீரென நின்றால், முதலில் விழுந்தது அழுத்தமா, மின்சாரமா? பதிவுகள் முன்பின்னாக இருந்தால், பழி பணியில் இருந்தவர் தலையில்தான்.

இதற்கு வழி, 2002இல் வந்த ஐஇஇஇ 1588 நேர நெறிமுறை. தலைமைக் கடிகாரம் ஈதர்நெட்டில் நேரம் அனுப்பும். கருவிகள் கம்பியில் ஆகும் தாமதத்தை அளந்து திருத்திக்கொள்ளும்.

இளம் பொறியாளர்களே, கருவியும் சுவிட்சும் 1588ஐ ஆதரிக்கின்றனவா என்று பாருங்கள். செப்புக் கம்பி 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. கட்டடம் விட்டுக் கட்டடத்துக்கு ஃபைபர் போடுங்கள். மின்னலுக்கும் அதுதான் நல்லது. மணி ஒன்றானால் வழக்கு இல்லை.