ஆணி தைத்த டயர்

எம்பிலிப்பிட்டியக் கடைவீதியில் துவிச்சக்கர வண்டி திருத்தும் கடை ஒன்றிற்குச் சென்று, டயரில் ஆணி ஏறிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டியூபை உருவித் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி எந்த இடத்திற் கிளம்புகிறது என்று உற்று நோக்கத் தொடங்குவார். ஆணிக்கும் டயருக்கும் உள்ள பகை அவருக்குச் சோறு போடும் பகை. அவரிடமே, "ஐயா, இந்த டயரைச் சுற்றி ஓர் இருநூறு ஆணி பதித்துத் தாருங்கள்" என்று கேட்டால், நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்.

ஆயினும், உலகின் வடகோடி நாடுகளில் இத்தகைய டயரை நல்ல விலை கொடுத்து வாங்கிப் பூட்டுகிறார்கள். கார்த்திகை மார்கழி மாதங்கள் வந்துவிட்டால் பின்லாந்து, சுவீடன், நோர்வே, கனடா ஆகிய தேசங்களில், குளிர்காலத்திலும் வண்டியை விட மனமில்லாதோர் சாதாரண டயரைக் கழற்றி வைத்துவிட்டு ஆணி டயரை மாட்டிக்கொள்கின்றனர்.

தை மாதத்திலும் வியர்வை வழியும் எம்பிலிப்பிட்டியவில் இருப்போருக்கு இந்தச் செய்தி எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆனால் இன்று இலங்கைத் தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றில் ஒருவரேனும் குளிர்நாட்டில் வாழ்கின்றனர். நோர்வேயில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் உள்ளனர். 1980களில் அங்கு போய்ச் சேர்ந்தோரிற் பலர், அந்நாட்டின் வட எல்லையான பின்மார்க்கில், மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டாத கரையோர ஊர்கள் அவை. இப்பொழுது படிக்கவும் வேலை பார்க்கவும் புதிதாகச் செல்லும் பிள்ளைகள், கார் வாங்க வசதி வரும் வரையில், ஊரிற் பழகிய துவிச்சக்கர வண்டியையே நாடுகின்றனர். ஊரில் நன்றாக வண்டி ஓட்டியவருக்கு அங்கே ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அதைச் சொல்லவே இவ்வார இப்பக்கம்.

முதலில் சொல்லைச் சற்றுத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் மொழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, நுவரெலியாவில் காலையில் மலையை மூடுவதும் பனி, இமயத்தின் உச்சியில் உள்ளதும் பனி. குளிர்நாட்டுக்காரனுக்கு இவை வெவ்வேறு பொருள்கள். வண்டி ஓட்டுபவனுக்கோ வெவ்வேறு விதிகள். வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதை இங்கே வெண்பனி என்போம். நீர் உறைந்து இறுகிக் கண்ணாடியானதைப் பனிக்கட்டி என்போம். ஆணி டயர் பனிக்கட்டிக்காகப் பிறந்தது.

புதிதாகச் செல்பவர் வெண்பனியைக் கண்டுதான் அஞ்சுகிறார். வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைக் கண்டால் கால் தானாகவே நிதானிக்கும். அதனால் தீங்கு குறைவு. உண்மையான பகைவன் கண்ணுக்குத் தெரியாதவன். பகலில் சிறிது உருகிய வெண்பனியோ, மாலையில் தூறிய மழையோ இரவில் வீதியின் மேல் மெல்லிய தகடாக உறைந்துவிடுகிறது. அத்தகடு தெளிந்தது, அதன் வழியே கீழேயுள்ள தாரின் கருமை அப்படியே தெரியும். அதனாலேயே அதற்குக் கரும்பனிக்கட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அது மழை பெய்து ஓய்ந்த வீதி, அவ்வளவே. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வரை மழை ஓய்ந்த வீதியில் ஆயிரம் தடவை வண்டி விட்ட பிள்ளையின் கண் அதைப் பார்த்து, "இது நனைந்த வீதி, நமக்குத் தெரிந்ததுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. வளைவில் வண்டியைச் சாய்க்கிறான். அடுத்த கணம் அவன் தரையில்.

பாலங்களின் மேல் இது முதலில் தோன்றும். கீழே மண்ணின் சூடு இல்லாமல் காற்று இருபுறமும் அடிப்பதால், மற்ற வீதி ஈரமாய் இருக்கும்போதே பாலம் உறைந்துவிடுகிறது. கட்டடங்களின் நிழல் விழும் இடமும் அவ்வாறே.

கணக்குப் பார்த்தால் விபரீதம் விளங்கும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் உலர்ந்த தார் வீதியில் பிரேக்கைப் பிடித்தால், ஏறத்தாழ இரண்டு மீற்றருக்குள் நின்றுவிடலாம். ஈரமான பனிக்கட்டியில் இறப்பரின் உராய்வு, உலர்ந்த வீதியில் உள்ளதின் ஏழில் ஒரு பங்கோ, அதனிலும் குறைவோதான். அதே வேகத்தில் நிற்க அங்கே ஒன்பது மீற்றர் வேண்டும். அதுவும் வண்டி நிமிர்ந்து இருந்தால். மோட்டார் கார் வழுக்கினால் நாலு சக்கரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், கவிழ்வது அரிது. இரண்டு சக்கர வண்டியோ, பக்கவாட்டில் பிடிமானம் இருக்கும் வரையில்தான் நிமிர்ந்து நிற்கும். அது போனால் நிலையும் போயிற்று. விழுகிறவர் கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு முறிகிறது. வயதானவருக்கு இடுப்பெலும்பு. கூலிக்கு உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவரின் வலக்கை இரண்டு மாதம் கட்டுப்பட்டிருந்தால் அந்த வீட்டின் கதி என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதில் விந்தையான செய்தி ஒன்று உண்டு. குளிர் மிகுந்தால் வழுக்கல் மிகும் என்றே நாம் நினைப்போம். உண்மை மறுதலை. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீரைப்போன்ற மிக மெல்லிய படை ஒன்று எப்பொழுதும் இருக்கிறது. இதனை 1850ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி ஊகித்துரைத்தார். வெப்பநிலை பூச்சியத்தை நெருங்க நெருங்க அப்படை தடிக்கிறது. பூச்சியத்துக்கு மிகவும் கீழே போனால் மெலிகிறது. ஆகவே கழித்தல் இருபது பாகையிலுள்ள பனிக்கட்டியைவிட, உருகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் பூச்சியப் பாகைப் பனிக்கட்டியே கொடியது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே பின்லாந்தில் ஊலு என்றொரு நகரம் உண்டு. உறைகுளிரிலும் பெருந்தொகையானோர், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, துவிச்சக்கர வண்டியிற் செல்வதற்குப் புகழ்பெற்றது. குளிர்காலத்தில் வண்டி ஓட்டுவது பற்றிய சர்வதேச மாநாடு முதன்முதலில் 2013இல் கூடியதும் அங்குதான். அங்கே பாதைகளில் வெண்பனியை இறுக்கிச் சமன்செய்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி வைக்கின்றனர். குளிர் விடாமல் நிலைப்பதால் அது இறுகிய மண்பாதைபோல் பிடிமானம் தருகிறது. பகலில் உருகி இரவில் உறையும் ஊர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இனி ஆணியைப் பார்ப்போம். இது தச்சன் அடிக்கும் ஆணியன்று. சட்டைப் பொத்தான்போல் அகன்ற அடிப்பாகம் இறப்பரின் உள்ளே புதைந்திருக்க, முனை மட்டும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முனை, தங்ஸ்தன் காபைட் என்னும் மிகக் கடினமான பொருளாலானது. கல் துளைக்கும் கருவிகளுக்கும் இதனையே பயன்படுத்துகின்றனர். உருக்கு முனையாயின் தார் வீதியில் ஓடி விரைவில் மழுங்கிவிடும். டயருக்கு டயர் ஆணியின் தொகை வேறுபடும். 106 ஆணி கொண்டதும் உண்டு, 240 கொண்டதும் உண்டு, முந்நூற்றைக் கடந்ததும் உண்டு. நகரத்து வீதியில் இடையிடையே பனிக்கட்டியைச் சந்திப்போருக்குக் குறைந்த ஆணியே போதும். பனிக்கட்டிமேல் நடத்தும் மோட்டார்ச் சைக்கிள் பந்தயங்களில் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமான முட்கள் பதித்த டயர்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால் டயர் என்றே சொல்லத் தோன்றாது; முள்ளம்பன்றி உருண்டு வருவதாகவே தோன்றும்.

கடையில் வாங்கியவுடன் பனிக்கட்டியில் ஏறிவிடக் கூடாது. முதல் நாற்பது கிலோமீற்றர் அளவுக்கு வெறும் வீதியில், சடுதியாக வேகம் எடுக்காமலும் பலமாகப் பிரேக் பிடிக்காமலும் ஓட்டவேண்டும். அப்பொழுதுதான் ஆணிகள் தத்தம் குழிகளில் இறுக அமரும்; அன்றேல் உதிர்ந்துவிடும். காற்றையும் கவனிக்க வேண்டும். டயரின் இரு ஓரங்களிலும் ஆணி வரிசை உள்ளவற்றிற் காற்றை இறுக அடித்தால் டயரின் நடு மாத்திரமே தரையைத் தொடும். உரிய எல்லைக்குள் காற்றைச் சற்றுக் குறைத்தால் ஓரத்து ஆணிகளும் தரையைப் பற்றும். ஒரே டயர் வாங்கத்தான் பணம் உண்டு என்றால், அதை முன் சக்கரத்திற் பூட்டுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றித் தப்பலாம். முன் சக்கரம் வழுக்கினால் சிந்திக்கும் முன்பே கீழே கிடப்போம்.

ஆணி எல்லாம் செய்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். புதிதாக ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிய வெண்பனியில் ஆணிக்கு வேலையில்லை. ஆழமான கட்டைகள் கொண்ட அகன்ற டயரே அங்கு பயன்படும். நம் ஊர்ச் செம்மண் சேற்றுக்கும் அதுவே மருந்து. உலர்ந்த தார் வீதியில் ஆணி சலசலவென்று பொரிகடலை வறுப்பதுபோல் ஓசையிடும், வண்டியும் கனக்கும். ஆகவே எம்பிலிப்பிட்டியவில் இதை மாட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு நம் யோசனை: வேண்டாம்.

இந்த டயரில் ஆணியைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். நமக்கோ அந்த ஆணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இறப்பரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எம்பிலிப்பிட்டியவிலிருந்து வடக்கே கொடகவெல, காவத்தை என்று ஏறிச் சென்றால், வறண்ட நிலம் மாறி இறப்பர்த் தோட்டங்கள் எதிர்ப்படும். சபரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்வெட்டி வாழ்ந்த மண் அது. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் விடியுமுன்னே மரத்தடிக்குப் போகவேண்டும். பட்டையைச் சீவி, சிரட்டையை ஏந்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடவேண்டும். மழை வந்தால் பால் கரைந்தோடும், அன்றைய கூலியும் அதனோடு போகும். அரைப்பேர் என்ற சொல்லின் கசப்பு தோட்டத்திற் பிறந்தவருக்கே தெரியும்.

இந்த மரம் நம் நாட்டுக்கு வந்தது 1876இல். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவில் ஹெனரத்கொடத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அதற்கு முன்பே இறப்பரை உலகம் அறியும். ஆனால் அதைக் கொண்டு குளிர்நாட்டில் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. கோடையிற் பிசினாக ஒட்டும், குளிர்காலத்தில் மரக்கட்டையாக விறைத்து வெடிக்கும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்று கண்டார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து கொடுத்தார். ஆயினும் கடுங்குளிர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1900ஆம் ஆண்டு, பொன் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு, எட் ஜெசன் என்பவர் கனடாவின் டோசனிலிருந்து அலாஸ்காவின் நோமுக்கு, உறைந்த யூக்கன் ஆற்றின் மேல், ஆயிரம் மைல் அளவிலான தூரத்தைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்தார். கடுங்குளிர் நாட்களில் அவருடைய டயர்கள் விறைத்துப்போயின. அச்சுகளில் இட்ட எண்ணெயும் உறைந்தது.

இன்று செயற்கை இறப்பர் பலவகை உண்டு. இருந்தும் குளிர்கால டயரிற் பால்மரத்து இறப்பருக்குத் தனி மதிப்பு உண்டு. கழித்தல் எழுபது பாகையை அணுகும்போதே அது முற்றாகக் கண்ணாடிபோல் இறுகும். சாதாரண டயர்களில் மிகுதியாகச் சேரும் செயற்கை இறப்பரோ அதற்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும். இறப்பர் இறுகினால் ஆணி இருந்தும் பயனில்லை. அது வீதியின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தால்தான் ஆணியின் முனை பனிக்கட்டியைத் தேடிப் பிடிக்கும். காவத்தைச் சரிவில் சிரட்டையில் வடியும் பாலின் இனத்தைச் சேர்ந்ததுதான், நோர்வேயின் வளைவில் ஒருவரை விழாமல் நிறுத்துகிறது.

சிக்கனம் கருதிச் சிலர் பழைய டயரின் உட்புறத்திலிருந்து திருகாணிகளை முடுக்கித் தாமே ஆணி டயர் செய்துகொள்வதுண்டு. உறைந்த ஏரியின் மேல் ஓடி விளையாட அது உதவலாம். வீதிக்கு உதவாது. சில நாளில் முனை தேயும். தலைப்பாகம் டியூபைக் குத்தும். அதன் பின்னர் எம்பிலிப்பிட்டியக் கடைக்காரரின் தண்ணீர்ச் சட்டியைத் தேட நேரிடும்.

மோட்டார் வாகனங்களின் ஆணி டயர் வீதியை அரைத்துத் தூசாக்குகிறது என்பதால், யப்பான் 1990இல் அதனைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. துவிச்சக்கர வண்டியின் பாரம் அற்பமாதலால் அந்தப் பழி அதனைச் சாராது.

வசந்தம் பிறந்ததும் ஆணி டயரைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கழற்றுமுன் எது முன் சக்கரம், எது பின் சக்கரம், எப்பக்கமாகச் சுழன்றது என்று சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே பக்கமாகச் சுழலும்படி பூட்டினால் ஆணிகள் குழியில் ஆடாமல் இன்னும் பல குளிர்காலங்களுக்கு நிலைக்கும்.