பெயர் சொல்லாத சான்றிதழ்



ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கார்களைப் பற்றி இந்த இதழில் விரிவான கட்டுரை இருக்கிறது. பேச்சு என்றதும் பெரிதாக எதையும் எதிர்பார்த்துவிடாதீர்கள். இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இவ்வளவு வேகத்தில் போகிறேன், பிரேக்கை மிதித்துவிட்டேன். இதைத்தான் ஒவ்வொரு வண்டியும் நொடிக்கு 10 முறை, சுமார் 300 மீட்டர் தூரத்துக்கு ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். நடுவில் ஒரு லாரி மறைத்தாலும், அதற்கு முன்னால் போகிற கார் பிரேக் போட்டது உங்கள் காருக்குத் தெரிந்துவிடும்.

கட்டுரையைத் திருத்த உட்கார்ந்த நான் அதில் வரும் ஒரு சிக்கலிலேயே மாட்டிக்கொண்டேன். பாலத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து யாரோ ஒருவன் 'பிரேக், பிரேக்' என்று பொய்யாக அனுப்பினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் ஒவ்வொரு செய்தியிலும் மின்கையொப்பம்; அந்தக் கையொப்பம் செல்லும் என்று சொல்ல ஒரு டிஜிட்டல் சான்றிதழ். ஐ.இ.இ.இ. 1609.2 என்ற தரநிலை இதற்கான விதிகளைச் சொல்கிறது. வங்கி இணையதளங்களில் ஏற்கெனவே புழங்கும் உத்திதான் இது. அவசரம் மட்டும் புதிது. சுற்றிலும் 100 வண்டிகள் இருந்தால் நொடிக்கு 1,000 கையொப்பங்கள் வந்து விழும். அலைவரிசையும் தாராளமில்லை. ஆகவே முழுச் சான்றிதழை இடையிடையே அனுப்பிவிட்டு, மற்ற செய்திகளில் அதன் 8 பைட் சுருக்கத்தை மட்டும் ஒட்டுகிறார்கள்.

சிக்கல் இனிமேல்தான். ஒரே சான்றிதழோடு நொடிக்கு 10 முறை குரல் கொடுத்துக்கொண்டு போகிற காரைக் கண்காணிக்க, யாரும் அதன் பின்னால் அலைய வேண்டாம். சாலையோரம் ஆங்காங்கே ரிசீவர் வைத்தால் போதும். காலையில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினீர்கள், சாயங்காலம் எந்த டாக்டர் வாசலில் நின்றீர்கள், எல்லாம் தெரிந்துபோகும். சொல்வதை நம்பவும் வேண்டும், சொல்வது யாரென்று தெரியவும் கூடாது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் கார் கம்பெனிகளின் கூட்டமைப்பும் சேர்ந்து வடிவமைத்த எஸ்.சி.எம்.எஸ். என்ற ஏற்பாடு இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒரு வண்டிக்கு வாரம் 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும். மூன்று ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் 3,000-க்கும் மேல். கையொப்பமிடவும் அதைச் சரிபார்க்கவும் வேண்டிய சாவிகளை ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியாகச் செய்து அனுப்புவது வண்டிக்குக் கட்டுப்படியாகாது. எனவே அது ஒரு விதைச் சாவியை மட்டும் அனுப்புகிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கான பொதுச் சாவிகளைச் சான்றிதழ் தரும் அலுவலகம் பெருக்கிக்கொள்கிறது. அவற்றுக்கு ஈடான ரகசியச் சாவிகளோ வண்டிக்குள் மட்டுமே உண்டாகும். இந்தப் படிகளுக்குக் கம்பளிப்புழு, புழுக்கூடு, வண்ணத்துப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணிதக்காரர்களுக்கும் ரசனை உண்டு!

அலுவலகம் என்றேனே, அதுவும் ஒன்றில்லை. பதிவு செய்யும் இடத்துக்கு விண்ணப்பித்த வண்டி எது என்று தெரியும், சான்றிதழுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சான்றிதழ் வழங்கும் இடத்துக்கு உள்ளடக்கம் தெரியும், அது யார் கைக்குப் போகிறது என்று தெரியாது. போதாததற்கு, பல வண்டிகளின் விண்ணப்பங்களைக் கலைத்துப்போட்டு அனுப்புகிறார்கள். பற்பசை வாங்கினாலும் போன் நம்பர் கேட்கும் கடைகளுக்குப் பழகிப்போன எனக்கு, தகவல் தங்கள் கையில் சேர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு கூட்டம் இவ்வளவு மெனக்கெட்டிருப்பது வியப்பாக இருந்தது.

கையொப்பம் சரியாக இருந்தால் செய்தியும் உண்மை என்று ஆகிவிடாது. சென்சார் பழுதான வண்டி, செல்லுபடியாகும் சான்றிதழோடு தப்பான இடத்தைச் சொல்லிக்கொண்டு போகலாம். அதை ஒதுக்கிவைக்க, ஒரே வண்டியின் சான்றிதழ்களை இணைத்துக் காட்டும் துணுக்குகளை ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கும் இரண்டு தனி அமைப்புகளும் தங்கள் பங்கைத் தர வேண்டும். இரண்டும் சேர்ந்து ரத்துப் பட்டியலில் ஏறியதும், அந்த வண்டியின் இனி வரும் சான்றிதழ்கள் அத்தனையையும் மற்ற வண்டிகள் தாமாகவே கணக்கிட்டுத் தள்ளிவிடும். அந்தக் கணக்கு முன்னோக்கி மட்டுமே ஓடும். போன மாதம் அந்த வண்டி எங்கெங்கே போயிற்று என்று அதை வைத்துத் தோண்ட முடியாது. முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனாலும், நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் தனியாகப் போகிற கார் எத்தனை பெயர் மாற்றினாலும் அடையாளம் தெரிந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடைமுறை மெதுவாகத்தான் நகர்கிறது. புதிய கார்களில் இந்தப் பேச்சைக் கட்டாயமாக்க 2017-ல் அமெரிக்க அரசு முன்வைத்த விதி நிறைவேறவில்லை. இதற்கென ஒதுக்கியிருந்த 75 மெகாஹெர்ட்ஸில் 45-ஐ வைஃபை போன்றவற்றுக்குத் தர 2020-ல் முடிவெடுத்தார்கள். ஐரோப்பாவில் 2019-ல் வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் பேசிக்கொண்டுதான் வந்தது.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. புனைபெயர் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சிக்னலைப் பச்சையாக்கித் தரச் சொல்லும் ஆம்புலன்ஸ், தனக்கு அந்த உரிமை உண்டு என்பதைச் சான்றிதழில் காட்டியாக வேண்டும். நம் ஊருக்கு இது வரும் நாளில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி தவிர வேறு யார் யார் அந்த உரிமைக்கு வரிசையில் நிற்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை எந்த வண்டியோடு நிறுத்தலாம்? எழுதுங்கள், நல்ல கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்