காப்பிரியின் காவல் எப்போது முடியும்?

காப்பிரி முத்தப்பன் கதையைக் கேட்கும் எவருக்கும் அது ஆயத்தமான சிறார் சாகச நாவலாகவே தோன்றும். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதைக் காப்பதற்கென்று ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் அந்த ஆவிக்கு இன்றும் மெழுகுவத்தி ஏற்றிச் சுருட்டும் கள்ளும் படைக்கின்றனர். புதையல், ஆவி, பழைய துறைமுகத்துச் சந்துகள். இவற்றோடு இரண்டு சிறுவர்களையும் ஒரு வரைபடத்தையும் சேர்த்தால் போதும் என எண்ணலாம். போதாது. அத்தகைய நாவலில் ஆவி பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுச் சிரித்தபடி மறையும். அடிமை மீண்டும் ஏவல் செய்வான். எசமானர் மட்டுமே மாறியிருப்பர்.

ஸ்காட்லாந்தின் சிறார் எழுத்து இவ்வகையில் கவனிக்கத்தக்கது. கடல்நாய்த் தோலைக் களைந்து மனித உருக்கொள்ளும் ‘செல்கி’ அந்நாட்டு வடதீவுகளின் தொன்மம். ஒருவன் தோலை ஒளித்துவைத்து அவளை மணப்பான். அது கைக்குக் கிடைத்த நாளில் பெற்ற பிள்ளைகளையும் விட்டு அவள் கடலுக்குத் திரும்புவாள். பறிக்கப்பட்டது எது என்பதைக் கதை மறைப்பதில்லை. மோலி ஹன்டர் 1975இல் வெளியிட்ட ‘எ ஸ்ட்ரேஞ்சர் கேம் அஷோர்’ நாவலிலும் செல்கி விளையாட்டுத் தோழன் அல்லன். ஷெட்லாந்துச் சிறுவன் ஒருவன் தன் தமக்கையை அவனிடமிருந்து காக்கவேண்டியிருக்கிறது.

அடிமைமுறை பத்து வயதுக் குழந்தை தாங்கும் செய்தியா என்பார் உண்டு. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்த நல்லதங்காள் கதையைச் சிறுவரும் அமர்ந்து கேட்ட நாடு இது. கொலையுண்டோர் தெய்வமாவதும் மதுரைவீரனை அறிந்த தமிழருக்குப் புதிதன்று. காப்பிரியின் கொடுமை வேறிடத்தில் இருக்கிறது: இறப்பும் அவனைப் பணியிலிருந்து விடுவிக்கவில்லை. கொன்றவனின் பொன்னுக்கு அவனே காவல்.

ஆகவே நாவலின் தேடல் பொன்னைப் பற்றியதாக இருக்கவேண்டியதில்லை. ‘காப்பிரி’ அவன் பெயரே அன்று. இறைமறுப்பாளன் எனப் பொருள்படும் அரபுச் சொல், போர்த்துக்கீசியர் வாயில் ஆப்பிரிக்கரைச் சுட்டும் சொல்லாகி இங்கு வந்தது. ‘முத்தப்பன்’ மட்டுமே ஊரார் அளித்த உறவு. தாய் அவனை என்னவென்று அழைத்தாள்? சிறுவர்கள் தேடிச் செல்லவேண்டியது அதை. வழி மட்டாஞ்சேரியோடு முடியவேண்டியதுமில்லை. இலங்கையின் புத்தளத்தருகே சிறம்பியடியில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் தம் முன்னோரின் பாடல்களைப் பாடிவருகின்றனர்.