777 கொடுத்தால் சரியாகிவிடுமா?
உபுண்டு கணினியில், ஹோம் கோப்புறைக்குள் வைத்த இணையத்தளத்தை அப்பாச்சி வழியாகத் திறந்தால் 403 என்று வருகிறதா? அவசரப்பட்டுத் தளத்தின் கோப்புறைக்கு ‘சிஎச்மோட் 777’ கொடுத்துவிடாதீர்கள். கணினியில் இயங்கும் எந்த நிரலும் உங்கள் பக்கங்களைத் திருத்தலாம் என்று அனுமதிப்பது அது. அப்படியும் 403 போகாது என்பதுதான் வேடிக்கை.

முதலில் பிழைப் பதிவின் கடைசி வரிகளைப் படியுங்கள். பாதையில் ஏதோவொரு கோப்புறைக்குள் நுழைய அனுமதியில்லை என்று அப்பாச்சியே எழுதி வைத்திருக்கும். 21.04 பதிப்பு முதல் உபுண்டு, புதிய பயனரின் ஹோம் கோப்புறையைப் பிறர் நுழைய முடியாதபடி 750 என்றே உருவாக்குகிறது. வாசல் பூட்டியிருக்க, உள்ளறையைத் திறந்து என்ன பயன்?

தளத்தை ‘வார்’ கோப்புறையில் இணையப் பக்கங்களுக்கென்றே உள்ள இடத்துக்கு மாற்றி, அந்தப் பாதையை அப்பாச்சியின் அமைவுக் கோப்பிலும் குறியுங்கள். 777 ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று இன்றே திருப்பி வையுங்கள்.